தண்ணி காட்டுதல்

எங்கள் பசு செத்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் நாலு பேர். அம்மா, நான், நாவல் மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்த, நாங்கள் பையா என்று கூப்பிட்ட இந்திக்காரர், நாலாவதாகப் பசுவின் கன்று. இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா ஹரியானாவில் எங்கோ கால்வாய்க்கு மண் வெட்டிக்கொண்டிருந்தார். அவரால் வர முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். இன்னொருவர், முந்தின நாள் காலையில் "சாயங்காலம் வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போன டாக்டர். அவருடைய குவார்ட்டர்ஸ் எங்கள் குடிசையிலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம். அவர் மரக்கிளையில் சணல் கயிற்றால் கட்டிவிட்டுப் போன குளுக்கோஸ் பாட்டில் மட்டும் அங்கேயே இருந்தது. காலியான கண்ணாடி பாட்டில். ஜூன் மாதத்து லூ என்ற அனல்காற்றில் அது கிளையில் மோதி மோதி டிங் டிங் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கோயில் மாட்டின் மணிச் சத்தம் மாதிரி இருந்தது அது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாங்கள் இருந்தது டெல்லியில், லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குடியிருப்புக்குப் பின்னால், நாலா எனப்படும் சாக்கடைக் கால்வாயின் ஓரம். செங்கம் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். ஆண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். பெண்கள் குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள். அம்மா மூன்று வீடு பார்த்தாள். ஏழைகளுக்குக் கறவை மாடு கொடுக்கும் திட்டம் ஒன்றில் அவளுக்கு ஒரு பசு கிடைத்தது. காதில் எண் பொறித்த தகடு குத்தி, மாடு செத்தால் ஈடு கிடைக்கும் என்று காப்பீடும் செய்து கொடுத்தார்கள். காபிக்கு நல்ல பசும்பால் கிடைக்காத தமிழ் வீடுகள் எல்லாம் அம்மாவிடம் பால் வாங்கின. "தண்ணி கலக்கலையே?" என்று தினமும் கேட்பார்கள். "ஒங்க வீட்டுக் கொழா தண்ணிதாம்மா, நல்ல தண்ணி, பயப்படாதீங்க" என்பாள் அம்மா. கேட்டவர்கள் சிரித்துவிட்டு இன்னும் அரை லிட்டர் கேட்பார்கள். அவளுக்கு அந்த மரியாதை அந்தப் பசுவால்தான் வந்தது. பாத்திரம் தேய்க்க அவள் பின்வாசல் வழியாகப் போவாள். பால் கொடுக்க முன்வாசல் வழியாகப் போவாள்.

பள்ளிக்கூடம் போன முதல் ஆள் எங்கள் வம்சத்தில் நான்தான். தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். காகிதத்தில் எது இருந்தாலும் நம்பும் வயது. எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் தமிழர் என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. அவர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா, தாத்தா எல்லாரும் மத்திய சர்க்கார் உத்தியோகம். மடிப்புக் கலையாத சட்டை, ஸ்கூட்டர், பச்சை மைப் பேனா. தமிழ் பேசுவார், ஆனால் இரண்டு வார்த்தைக்கு ஒரு இந்தி வார்த்தை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பசுவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்து ஒரு நாள் ஆகியிருந்தது. தண்ணீராகப் பீய்ச்சியது. கண் உள்ளே போய், கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்து விட்டால் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது. டாக்டர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டார்: "தண்ணியெல்லாம் எப்படி?"

அம்மா சொன்னாள்: "காலையிலருந்து தண்ணி காட்டிக்கினேதான் இருக்கறேன் சார்."

"அச்சா, அச்சா" என்றார். இந்த அச்சாவைப் பற்றிப் பின்னால் நான் ஒன்பது வருஷம் யோசித்தேன். புரிந்து சொன்ன அச்சாவா, காதில் விழாததற்குச் சொல்லும் அச்சாவா?

பாட்டிலை மரத்தில் கட்டி, கழுத்து நரம்பில் ஊசியைச் செருகி, ரப்பர் குழாயை மாட்டினார். கைகழுவிக்கொண்டே சொன்னார்: "குளுக்கோஸ் ஏத்தியாச்சு. இனிமே தண்ணி பந்த். ரெண்டு நாளைக்கு ஒரு சொட்டு கூடாது. உள்ளே போனாத்தானே வெளியே வரும்? சாயங்காலம் வந்து பாக்கறேன்." இஸ்திரி பையா பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே, "போத்தல் சட் கயா, அப் டீக் ஹோ ஜாயேகா" என்றார். பாட்டில் ஏறிவிட்டது, இனிச் சரியாகிவிடும். பாட்டில் ஏறுவது என்றால் எங்களுக்கெல்லாம் சாமி வந்து இறங்குகிற மாதிரி. சொட்டுச் சொட்டாக அது இறங்குவதை நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

டாக்டர் போனதும் அம்மா உள்ளே போய் ஒரு பானையை எடுத்துவந்தாள். முந்தின நாள் சோற்று நீர். அதில் கல் உப்பைப் போட்டுக் கையால் கலக்கிக்கொண்டு மாட்டின் பக்கம் வந்தாள். ஊரில் கழிச்சல் கண்ட மாட்டுக்கு அதுதான் கொடுப்பார்களாம். நான் குறுக்கே போய் நின்றேன். "படிச்சவரு சொல்லிட்டுப் போறாருல்ல. நீ சும்மா இரும்மா. ஒனக்கு இன்னா தெரியும்?" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் படித்தவன். பானையைக் கீழே வைத்தாள். நான் அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, தட்டின்மேல் ஒரு கல்லையும் வைத்தேன்.

சாயங்காலம் டாக்டர் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. போய்க் கூப்பிட்டபோது "ஆபீஸ் போயாச்சு" என்றார்கள். பசு சுவரை நக்கியது. வியர்த்திருந்த என் கையை நக்கியது. நாக்கு காய்ந்து அரத்தால் தேய்க்கிற மாதிரி இருந்தது. பையா துணிமேல் தெளிக்கத் தண்ணீர்க் குவளையை எடுக்கும்போதெல்லாம், அந்தச் சின்னச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பியது. உச்சி வெயிலில் தலை சாய்ந்தது. அம்மா தட்டைத் தூக்கிப் பானையைப் பார்த்தாள். சோற்று நீர் அப்படியே இருந்தது, லேசாகப் புளித்துப் போய்.

பத்து நாள் கழித்து, காப்பீட்டுக்காக அவர் எழுதிய அறிக்கையின் நகல் ஆபீசில் கிடைத்தது. ஆங்கிலத்தில் இருந்த காகிதத்தை வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். வழியிலேயே படித்தேன். சாவுக்குக் காரணம்: உடம்பில் நீர் வற்றியது. அதற்குக் காரணம்: சொந்தக்காரியின் கவனக்குறைவு. அதற்குக் கீழே பச்சை மையில் ஒரு வரி. 'வாட்டர் வாஸ் ஒன்லி ஷோன், நாட் கிவன்.' மாட்டுக்குத் தண்ணீர் கண்ணில் காட்டப்பட்டதே தவிர, குடிக்கக் கொடுக்கப்படவில்லை. இதைச் சொந்தக்காரியே ஒப்புக்கொண்டார்.

"இன்னா எழுதிக்கிறாரு?" என்று கேட்டாள் அம்மா. சொன்னேன். முதலில் அவள் சிரித்துவிட்டாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. "அய்ய, காட்டறதுன்னா குடுக்காமயா? மாட்டுக்கு இன்னா சினிமாவா காட்டுவாங்க?" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். தமிழ்நாட்டில் மாடு வைத்திருக்கிற எந்த வீட்டிலும், எந்தக் குழந்தைக்கும் தெரியும். மாட்டுக்குத் தண்ணி காட்டுவது என்றால் தொட்டியருகே கொண்டுபோய்க் குடிக்க விடுவது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அம்மா மாட்டின் கண்ணுக்கு எதிரே வாளியை ஆட்டிவிட்டு எடுத்துக்கொண்டுபோன கொடுமைக்காரி என்று அவர் எழுதியிருந்தார்.

இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். வராந்தாவில் நின்றபடியே சொன்னார்: "நீதானே சொன்னே, காட்டிக்கிட்டே இருக்கேன்னு? சொன்னதை எழுதினேன். பஸ், அவ்வளவுதான்."

நான் குறுக்கிட்டேன். "நீங்கதான் சார் தண்ணி குடுக்கக் கூடாதுன்னீங்க."

"எங்கே எழுதியிருக்கு? காட்டு பாப்போம்." நான் கொண்டுபோன நகலை வாங்கி என் பக்கமே நீட்டினார். "படிச்ச பையன்தானே நீ? எழுதினதைப் படி. எழுதாததைப் பேசாதே."

வரும் வழியில், நாலா மேட்டில் ஏறும்போது அம்மா, "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும்" என்றாள், யாரிடமோ சொல்வது போல. காப்பீடு மறுக்கப்பட்டது. அதைவிட மோசம், அந்த வரி குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவியது. "வாயில்லா ஜீவன், தண்ணிகூடக் குடுக்காமக் கொன்னுட்டாளாமே" என்று, நேற்றுவரை அவள் பாலில் காபி குடித்தவர்கள் பேசினார்கள். இரண்டு வீட்டில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அம்மா அந்த வார்த்தையைச் சொல்வதை விட்டாள். அடுத்தவர் ஆட்டுக்குக்கூட "தண்ணி குடுத்தேன்" என்றுதான் சொல்வாள். பிறந்ததிலிருந்து வாயில் இருந்த ஒரு சொல்லை ஒரு மனுஷியிடமிருந்து பிடுங்கிவிட முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் டெல்லியில் பிறந்தவர். மாட்டுத்தொழுவத்துத் தமிழ் அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் அது தப்பு. தெரிந்தே எழுதியிருந்தால் அது வேறு. எனக்கு இரண்டில் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. ஆனால் எதுவாக இருந்தாலும் அவரை விடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். தண்ணி காட்டுவதற்குத் தமிழில் இன்னொரு அர்த்தமும் உண்டு: ஒருவனை ஏமாற்றி, அலையவிட்டு, திண்டாட வைப்பது. இந்த ஆளுக்கு ஒருநாள் தண்ணி காட்டாமல் விடமாட்டேன் என்று, காலி பாட்டிலைக் கிளையிலிருந்து அவிழ்க்கும்போது சொல்லிக்கொண்டேன். அறிக்கையைச் சுருட்டி அந்தப் பாட்டிலுக்குள் போட்டு வைத்தேன்.

கால்நடை மருத்துவம் படிக்க நான் போனது மாடுகளின் மேல் உள்ள கருணையால் என்று நேர்காணலில் சொன்னேன். அது பொய். உதவித்தொகை கிடைத்தது, போனேன். மூன்றாம் வருஷத்தில் ஒருநாள் வகுப்பில் நீர்ச்சமநிலை பற்றிப் பாடம் நடந்தது. உடம்புக்குள் தண்ணீர் எங்கெங்கே இருக்கிறது, எது அதைப் பிடித்து வைக்கிறது என்று பேராசிரியர் விளக்கினார். தண்ணீரை ரத்தக்குழாயில் தங்க வைப்பது உப்புதான். வெறும் குளுக்கோஸ் தண்ணீரில் சர்க்கரையை உடம்பு தின்றுவிடும். மிஞ்சுகிற வெறும் தண்ணீர் எங்கும் நிற்காமல் கசிந்துபோகும். கழிச்சலில் உப்பும் தண்ணீரும் சேர்ந்தே போகின்றன. சேர்ந்தே திரும்ப வேண்டும். தோலைப் பிடித்தால் அப்படியே நின்று, கண் உள்வாங்கியிருந்தால், உடல் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு தண்ணீர் போய்விட்டது என்று வைத்துக் கணக்குப் போடலாம். குடிக்கிற மாட்டைக் குடிக்கவிடாமல் தடுப்பதைப் போலப் பாவம் இல்லை என்றார் அவர், வேடிக்கை போல. எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நான் நோட்டின் ஓரத்தில் அம்மாவின் பசுவுக்குக் கணக்குப் போட்டேன். எடை முந்நூற்று ஐம்பது கிலோ இருக்கும். விடை வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். தட்டு மூடியிருந்த பானையில் இருந்தது உப்பும் கஞ்சியும் தண்ணீரும். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கல்லை வைத்தது நான். அதனால் என் கோபத்தில் ஒரு பங்கு எனக்கே சேரவேண்டியது. ஆனால் அந்தப் பங்கையும் சேர்த்து அவர் தலையிலேயே இறக்குவது என்று வைத்துக்கொண்டேன்.

டெல்லியிலேயே வேலை கிடைத்தது. அவர் தலைமை டாக்டராக இருந்த மருத்துவமனைக்குத்தான் போவேன் என்று கேட்டு வாங்கினேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். "செங்கம் பக்கம் சார்" என்றேன். "அச்சா, அச்சா" என்றார். அதே அச்சா. கெட்ட மனிதர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஊசி போடும் கை நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். மனைவி கொடுத்தனுப்பும் எலுமிச்சைச் சாதத்தில் எனக்கும் பங்கு வைப்பார். நான் அதைச் சாப்பிட்டுவிட்டு, என் சின்ன நோட்டில் அன்றைக்கு அவர் செய்த தவறுகளைத் தேதி போட்டு எழுதினேன். ஒன்றரை வருஷம் எழுதினேன். இன்னும் அவர் கழிச்சலுக்குக் குளுக்கோஸ்தான் ஏற்றினார். இன்னும் "தண்ணி பந்த்" என்றார், வாயால் மட்டும்.

அந்த ஜூலையில் மருத்துவமனைக்கு ஒரு கலப்பினக் காளை வந்திருந்தது. இனவிருத்திக்காக எங்கிருந்தோ தருவித்த காளை. அதைப் பார்வையிடத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. அவர் திருப்தியாகப் போனால் எங்கள் டாக்டருக்குப் பதவி உயர்வு உறுதி என்று கடைநிலை ஊழியர்வரை எல்லாருக்கும் தெரியும். அதிகாரி வருவதற்கு முந்தின நாள், மழைக்கு முளைத்த இளம்புல்லை அளவில்லாமல் தின்ற காளைக்கு வயிற்றால் பிடுங்கிக்கொண்டது. பத்து மணிக்குள் கண் குழிந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்தார். தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரம்.

"ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க தம்பி. ஜல்தி. தண்ணி பந்த்."

"எழுதிக் குடுத்துடுங்க சார்."

"என்னது?"

"பெரிய காளை சார். நாளைக்கு யாராச்சும் கேட்டா உங்க ஆர்டர்னு நான் காட்டணுமில்ல."

அவருக்கு அது பணிவாகப் பட்டிருக்க வேண்டும். என் தோளில் தட்டிவிட்டு, பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறு உத்தரவு வரும்வரை தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இல்லாமல் போன அந்தக் காகிதம் என் கைக்கு வந்தது.

இனிச் சொல்வதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு பாட்டிலையும் ஏற்றிவிட்டு, ஒரு நாற்காலியைக் கொட்டில் வாசலில் போட்டு உட்கார்ந்தேன். காளை சாகட்டும் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாடு பார்க்கும் ஹரியானாக்காரரை நாங்கள் சௌத்ரி என்று கூப்பிடுவோம். அவர் இரண்டு முறை வாளியோடு வந்தார். "டாக்டர் சாப், பானி தூம்?" தண்ணி குடுக்கட்டுமா? "நஹீ" என்றேன். மூன்றாவது முறை வாளியை என் காலடியில் டங்கென்று வைத்துவிட்டு, "உங்க சண்டை யாரோட சாப்? இதோடயா?" என்று இந்தியில் கேட்டார். வாளிச் சத்தத்துக்குக் காளை தலையைத் திருப்பியது. அப்புறம் சுவரை நக்கியது.

இரக்கம் வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வந்தது வேறு யோசனை. காளை செத்தால் டாக்டர் என்ன செய்வார்? பேனாவைத் திறந்து ஒரு வரி எழுதுவார். செத்த மாட்டைப் பற்றி எழுதுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. என் கையில் அவர் உத்தரவு இருந்தாலும், இந்த முறை அந்த வரியில் அம்மா இருந்த இடத்தில் நான் இருப்பேன். அவரைத் தோற்கடிக்க இறந்த மாடு போதாது. எழுந்து நிற்கும் மாடு வேண்டும்.

ஐந்நூறு கிலோ காளை. நாற்பது லிட்டர் வேண்டும். ஸ்டோரில் உப்புநீர் பாட்டில் பதினொன்றுதான் இருந்தது. பெரிய ஊசியாகப் போட்டு எல்லாவற்றையும் கழுத்து நரம்பில் விட்டேன். ஆறு லிட்டர்கூட ஆகவில்லை. மீதியை வாளியில் கரைத்தோம். உப்பு, சமையல் சோடா, வெல்லம். சௌத்ரி மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, வாய் வழியாகக் குழாய் இறக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கடைசி வாளியைக் காளை தானே குடித்தது, உறிஞ்சி, அடியை நக்கி. நாலரை மணிக்குப் பின்னங்காலை அகட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் சிறுநீர் விட்டது. உடம்பில் தண்ணீர் நிரம்பிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. சௌத்ரி கையெடுத்துக் கும்பிட்டார். நான் சிகிச்சைத் தாளை எடுத்து ஆங்கிலத்தில் எழுதினேன்: உத்தரவுப்படி தண்ணீர் கொடுக்கப்படவில்லை. தண்ணீர் காட்டப்பட்டது, முப்பத்துநாலு லிட்டர்.

மறுநாள் காலை காளை நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் தாளைப் படிக்கவில்லை. "பாத்தீங்களா? ரெண்டு பாட்டில். தண்ணி பந்த். இதான் அனுபவம்" என்றார். பஞ்சாபிக்கார அதிகாரி வந்தபோது அதையே ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி காளையைச் சுற்றி வந்து, சிகிச்சைத் தாளைக் கையில் எடுத்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"வாட்டர் ஷோன்? இஸ்கா கியா மத்லப் ஹை?" இதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார்.

"அது எங்க தமிழ் வழக்கு சார்" என்றேன். "எங்க டாக்டர் சார் விளக்குவார்."

ஒரு நொடிகூட டாக்டர் யோசிக்கவில்லை. சிரித்துக்கொண்டே, சரளமாகச் சொன்னார்: எங்கள் பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டுவது என்றால் குடிக்கக் கொடுப்பது சார். கிராமத்து வழக்கு. என் அம்மா வழியில் எல்லாரும் மாடு வைத்திருந்தவர்கள். சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். தம்பி அப்படியே மொழிபெயர்த்துவிட்டார்.

ஒன்பது வருஷத்துக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

அதிகாரி தாளைப் புரட்டினார். அடியில் பச்சை மை உத்தரவை நான் குண்டூசியால் குத்தியிருந்தேன். "அப்படியானால் முப்பத்துநாலு லிட்டர் கொடுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் உத்தரவு கொடுக்கக் கூடாது என்கிறது. காளை எதனால் பிழைத்தது?" என்று கேட்டார். டாக்டரின் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது. நான் அவருக்கு மட்டும் புரியும்படி தமிழில் கேட்டேன்: "காட்டறதுன்னா குடுக்கறதுன்னு அப்பவே தெரியுமா சார்? நாலா ஓரம், நாவல் மரம், ஒத்தைப் பாட்டில்?" காலையில் பாட்டிலிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த பழைய அறிக்கையைப் பிரித்து, அவருடைய வரியில் விரலை வைத்தேன். "எழுதினதைப் படிங்க சார்."

அவர் என்னை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தார்.

பதவி உயர்வு வரவில்லை. விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு மெமோ வந்தது. எழுத்து மூலமான உத்தரவை மீறியதற்கு எனக்கும் ஒன்று வந்தது. யமுனைக்கு அந்தப் பக்கம், தெருமாடுகளை அடைத்து வைக்கும் பட்டிக்கு மாற்றல். கிளம்புவதற்கு முன்தினம், புழுக்கமான ஒரு மத்தியானத்தில், அவர் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஒரு மாடு செத்தா ஒரு காரணம் எழுதணும் தம்பி. என்னையே எழுதிக்க முடியுமா? உங்கம்மா மேல எனக்கு ஒண்ணும் கோபம் கிடையாது. முகம்கூட ஞாபகம் இல்லை" என்றார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

மூலையில் சுராஹி இருந்தது. டம்ளரில் நிறைய ஊற்றினேன். மண்பானைத் தண்ணீர், டம்ளரின் வெளிப்புறம் வியர்த்தது. அவர் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அவர் கை நீண்டது. டம்ளரை மேஜையில், என் பக்கம் வைத்தேன்.

"காட்டிட்டேன் சார்."

அவர் டம்ளரைப் பார்த்தார். அப்புறம் எழுந்து போனார். உப்பைத் தின்றவர் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் என் கையால் அல்ல. இதை எழுதும்போதும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. அவர் அடுத்த வருஷம் அதே பதவியில் ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டபோது, அன்றைக்கு இரண்டு வாய்ச் சோறு அதிகமாகவே சாப்பிட்டேன்.

இப்போது மயூர் விஹார் பக்கம் ஓர் அறை எடுத்திருக்கிறோம். சுற்றிலும் புதுக் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. பட்டியில் யாரும் கேட்டு வராத ஒரு கிடேரியை அம்மா ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் கட்டியிருக்கிறாள். நடந்ததை அவளிடம் நான் உடனே சொல்லவில்லை. மாற்றலுக்குக் காரணம் கேட்டு அவள் விடாமல் நச்சரித்தபோது, அறிக்கையிலிருந்து டம்ளர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "தண்ணிய காட்டுனியா, குடுத்தியா?" என்றாள்.

"காட்டுனேம்மா."

அன்றைக்கு நாலா ஓரத்தில் பாதியில் நிறுத்திய சிரிப்பை அவள் அப்போதுதான் சிரித்து முடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, பேசிக்கினே இருக்காத. கெடேரிக்குத் தண்ணி காட்டு போ" என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒரு கணம் நின்று, பிறகு உள்ளே போனாள்.

அந்தக் கண்ணாடி பாட்டில் இப்போது ஜன்னலில் இருக்கிறது. காகிதம் உள்ளே இல்லை. அம்மா அதில் விளக்கெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள். சில நாள் அதன் அளவுக் கோடுகளைப் பார்த்துப் பழைய கணக்கையே மறுபடி போடுவேன். முந்நூற்று ஐம்பது கிலோ பசு, நூற்றுக்கு எட்டு, இருபத்தெட்டு லிட்டர். அரை லிட்டருக்குச் சற்று அதிகம் பிடிக்கும் அந்தப் பாட்டிலால் அளந்தால் ஐம்பத்திரண்டு பாட்டில். ஒன்றுதான் ஏறியது. மீதி ஐம்பத்தொன்று. வாளியால் அளந்தால் இரண்டரை வாளித் தண்ணீர், நாலு பிடி உப்பு.